வாரம் யாருக்கு?

கேள்வி: பிரிட்டனில் வேலை பார்க்கும் என் மகன், அங்குள்ள ஒரு சின்னக் கலைப்பட அரங்கின் நிகழ்ச்சி நிரலை அனுப்பியிருந்தான். ஒரே வாரத்தில் ஏழு படங்கள்! ஒரு நாள் பழைய ஊமைப்படம், மறுநாள் ஈரானியப் படம், அதற்கடுத்து ஆவணப்படம். வேலூரில் இப்படி ஓர் அரங்கு வருமா? அல்லது நமக்கு ரசனை போதாதா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: ரசனையைப் பற்றி ரசனை உள்ளவர்களிடம் கேளுங்கள். எனக்கு உங்கள் கேள்வியில் ருசித்தது 'வாரம்' என்ற சொல்தான்.

நம் ஆற்காட்டுச் சீமையில் வாரம் என்பது கிழமைக் கணக்கு மட்டுமல்ல, களத்துமேட்டுக் கணக்கும்கூட. விளைந்ததில் ஜமீனுக்குப் போவது மேல்வாரம். உழுதவனுக்கு மிஞ்சுவது குடிவாரம். 1948-இல் சட்டம் போட்டு ஜமீனை ஒழித்தார்கள். மேல்வாரம் மட்டும் ஊரை விட்டுப் போகாமல், டிக்கெட் வாங்காமலே சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. புதுப்படத்தின் முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு. வாரம் ஏற ஏறத்தான் அவர் பங்கு இறங்கும். இப்போதைய படங்கள் இரண்டாவது வாரத்தை எட்டினால்தானே? ஆகவே அரங்குக்காரரின் குடிவாரம் என்பது, இடைவேளையில் நீங்கள் குடிக்கும் காபியிலிருந்து அவருக்குக் கிடைக்கும் வாரம். அந்தக் காபியின் விலையைப் பார்த்தால் ஜமீன்தார்கள் எவ்வளவோ தேவலை.

தினம் ஒரு படம் போடுகிறவருக்கோ இரண்டாவது வாரம் என்பதே கிடையாது. அத்தகைய அரங்குகள் அங்கேயும் டிக்கெட்டை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. உறுப்பினர் சந்தா, நன்கொடை, சம்பளமில்லாமல் வாசலில் நிற்கும் ஊர்க்காரர்கள், முன்கூடத்தில் ஒரு காபிக்கடை என்று ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். சந்தா! அந்தச் சொல்லை வேலூரில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். நம் இதழின் சந்தாப் பதிவேடு பாலாறு மாதிரி: நீளம் இருக்கிறது, வரத்து இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கடி படம் மாற்றுவது வெள்ளைக்காரன் கற்றுத்தர வேண்டிய வித்தை அல்ல. என் சிறுவயது டூரிங் டாக்கீஸில் இரண்டு நாளுக்கு ஒரு படம். மாலை பஸ்ஸின் கூரையிலிருந்து தகரப் பெட்டி இறங்கும். 'பெட்டி வந்துவிட்டது' என்று பையன்கள் ஓடிவந்து சொன்ன பிறகுதான் வீடுகளில் உலை வைப்பார்கள். ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒன்றுக்கு மூன்று இடைவேளை. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அரியணை போட்டு உட்கார்ந்தால், பின்னாலிருப்பவர் காலால் அதைத் தட்டிவிடுவார். என்ன படம் என்று யாரும் கேட்டதில்லை, போட்டதைப் பார்த்தோம்.

ரசனைக்கே வருகிறேன். தென்னிந்தியாவின் முதல் ஊமைக் கதைப்படமான 'கீசகவத'த்தை எடுத்த நடராஜ முதலியார் பிறந்தது வேலூரில். (இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எண்ணிவரும் பேராசிரிய நண்பர் இன்னொரு கோடு போட்டுக்கொள்ளட்டும்.) மோட்டார் உதிரிபாக வியாபாரி, ஓர் ஆங்கிலேயரிடம் கேமரா பழகி, நூறாண்டுக்கு முன்பே சென்னையில் படம் எடுத்தார். அதில் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. சாமியில்லாக் கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்தார்கள். அந்தச் சாமி, ஜலகண்டேஸ்வரர், 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். முதலியாரின் படம் திரும்பாது.

அரங்கு வரட்டும், எனக்கு ஒரே நிபந்தனை. பாப்கார்ன் கூடாது. ஆற்காடு மக்கன் பேடாதான் விற்க வேண்டும். ஜீராவில் ஊறி, உள்ளே முந்திரியும் பாதாமும் பொதிந்து, விரல் பட்டாலே விட்டுக்கொடுக்கிற பேடா. ஊமைப்படத்துக்கு ஏற்ற தின்பண்டம் அது ஒன்றுதான். மென்றால் சத்தம் வராது. ஆம்பூர் வாசகர்கள் பிரியாணிக்காக எழுதும் கடிதங்களை இம்முறை பிரிக்கப் போவதில்லை.

சரி, செவ்வாய்க்கிழமை. தூறல். பெயர் வாயில் நுழையாத இயக்குநரின் படம். படம் விட்டால் கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம். குடியாத்தத்திலிருந்து வருவீர்களா? வருவேன் என்று ஒரு கார்டு போடுங்கள். பேடா என் செலவு, சந்தா உங்கள் செலவு.