பெரியப்பாவின் தச்சன்

கேள்வி: எனக்கு வயது 29. துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வீணை வகுப்பில் ஆரம்பப் பாடமான கீதத்தோடு நின்றுவிட்டேன். நீர்வண்ண ஓவியம் ஆறு மாதம். இப்போது பூச்சிகளைப் படம் பிடிக்கிறேன், கேமராவுக்கு இன்னும் தவணை முடியவில்லை. ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்’ என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் சொல்கிறார். சாதித்தவர்கள் எல்லாம் ஒன்றையே பிடித்துக்கொண்டவர்கள்தானா? என் குணமே கோணலா?
- வாசகி, கரூர்

பதில்: கணக்குப் பிரிவு என்றதும் எனக்கு சி.வி. ராமன் ஞாபகம் வந்துவிட்டது. 1907-இல் கல்கத்தாவில் அரசு நிதித் துறை அதிகாரியாகச் சேர்ந்தவர் அவர். ஆபீசுக்கு முன்பும் ஆபீஸ் விட்ட பிறகும் ஆய்வுக்கூடம். பத்து வருஷம் இப்படியே ஓடியது. 1917-இல்தான், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் வேலைக்குப் போனார். (வேலையை விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.)

அவர் கைவைத்தவற்றைப் பாருங்கள்: வயலின் தந்தி, வீணை, மிருதங்கம், கடலின் நீலம், வைரம், வயதான காலத்தில் பூக்களின் நிறம். சாதாரண முரசில் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இழையாது. மிருதங்கத்தில் மட்டும் எப்படி இழைகின்றன? வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், இருக்கும் அந்தக் கறுப்புக் கரணைதான் காரணம் என்று 1920-இல் விளக்கினார். பெரியப்பா அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் தச்சனைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் ஒலியும் ஒளியும் அலைதானே? ராமன் வெட்டியது ஒரே மரம், கிளைகள்தான் பல.

அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் வேறு மாதிரி. அப்பாவுக்குக் கணக்குத் துறை வேலையும் உண்டு, வயலினும் உண்டு. அம்மா இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1935-இல் லண்டனில், விண்மீன்களின் கடைசிக் காலம் பற்றி இந்த இளைஞர் கண்டறிந்ததைப் பெரிய வானியலாளரான எடிங்டன் சபை நடுவே கேலி செய்தார். உங்கள் வீட்டுக் கூடம் மாதிரிதான், சபை கொஞ்சம் பெரிது. சந்திரசேகர் என்ன செய்தார்? தெரிந்ததையெல்லாம் திரட்டி 1939-இல் ஒரு புத்தகமாக்கினார். அப்புறம் வேறு துறைக்குப் போய்விட்டார். 1942, 1950, 1961, 1969 என்று ஒவ்வொரு துறையிலும் சில வருஷம் மூழ்குவார், புத்தகத்தோடு வெளியே வருவார். கருந்துளை பற்றிய புத்தகம் 1983-இல் வந்தது. நோபல் கிடைத்ததும் அதே வருஷம்.

குணத்திலும் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ராமன் தன் நோபல் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஸ்வீடனுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார் என்பார்கள். சந்திரசேகர் அடக்கமானவர், அதிர்ந்து பேசாதவர். ஆக, சாதிப்பவரின் குணம் இதுதான் என்று அச்சு எதுவும் கிடையாது.

உளவியலில் புதியதை நாடும் குணத்தையும் எடுத்ததை முடிக்கும் குணத்தையும் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். முதலாவது உங்களிடம் தாராளமாக இருக்கிறது, அதில் கோணல் ஒன்றுமில்லை. இரண்டாவதில்தான், மன்னியுங்கள், பெரியப்பா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கீதத்தோடு நின்ற வீணையை வைத்துக்கொண்டு ராமனைத் துணைக்கு அழைக்க முடியாது. (என் வீட்டுப் பரணில் ஒரு ஹார்மோனியம் இருக்கிறது. அதனால் உங்களைத் திட்டும் தகுதி எனக்கும் இல்லை.)

சரி, இப்படிச் செய்து பாருங்கள். எல்லாப் பூச்சியும் வேண்டாம். அமராவதிக் கரையில் தெரியும் தும்பிகளை மட்டும் ஒரு வருஷம் படம் பிடியுங்கள். தேதி, இடம், வேளை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதிப் பழகிய கைக்கு அது கஷ்டமில்லை. படத்தில் சரியாக விழாத இறக்கை நரம்புகளை நீர்வண்ணத்தில் வரையுங்கள். விட்ட ஓவியமும் இதற்குள் வந்துவிடும். வருஷக் கடைசியில் முப்பது பக்கத்தில் ஒரு சிறு புத்தகமாகக் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு தும்பி அலுத்துவிட்டால் தாராளமாக விட்டுவிடலாம்.

அதுவரை வீணைக்கு ஓர் உறை போட்டு வையுங்கள். தந்தி துருப்பிடிக்காமல் இருந்தால் போதும்.