சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் முன்பைவிட இழுபறி ஆவது ஏன்?

கேள்வி: கோவையில் தனியார் கம்பெனியில் வேலை. 20,900 மொத்தச் சம்பளம் இந்த ஏப்ரலில் 5 சதவீதம் ஏறி 21,945 ஆனது. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நின்றுவிட்டது என்று எச்ஆர் சொல்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இஎஸ்ஐ டிஸ்பென்சரியில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். விலைவாசி 3, 4 சதவீதம்தான் ஏறுகிறது என்கிறார்கள். அப்படியானால் 5 சதவீதம் வாங்கியும் மாதக் கடைசியில் ஏன் கடன்?

பதில்:

உங்கள் கணக்கில் தப்பு இல்லை, செலவு போகக் கையில் மிஞ்சுவது நிஜமாகவே குறைந்திருக்கிறது. சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் கைக்கு வரும் தொகை. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 இருந்து 12,600 ஆனதாக வைத்துக்கொள்வோம். முன்பு 20,900-ல் பிஎஃப் 12 சதவீதம் 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 157 போக 19,303. இப்போது 21,945-ல் பிஎஃப் 1,512 மட்டும் போக 20,433. கூடியது 1,130. தொழில் வரியை இதில் சேர்க்கவில்லை. அரையாண்டுக்கு ஒருமுறை 1,250 வரை பிடிப்பார்கள், இரண்டு சம்பளத்துக்கும் அது ஒன்றுதான். ஆனால் பிடிக்கிற அந்த இரண்டு மாதமும் துண்டு விழும், அதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்து செலவு. உங்கள் நிலையில் உள்ள ஒரு வீட்டுக்கு உதாரணமாக: வாடகை 6,000, மளிகை பால் காய்கறி 6,800, பள்ளிக் கட்டணமும் வேனும் 2,500, காஸ் கரன்ட் போன் 1,700, போக்குவரத்து 1,300, சில்லறை 1,000. மொத்தம் 19,300. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது 500, பள்ளியில் 350, சாப்பாட்டில் 350, காஸ் கரன்ட்டில் 100 ஏறினால் 20,600. கூடியது 1,300, அதாவது 6.7 சதவீதம். வரவு 1,130 ஏற, செலவு 1,300 ஏறுகிறது. மாதம் 170 ரூபாய் பள்ளம். மாத்திரைச் செலவு இன்னும் இதில் வரவே இல்லை.

அரசு சொல்லும் 3, 4 சதவீதம் பொய்யா என்றால், இல்லை. தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடும் தொழிற்துறைத் தொழிலாளர் விலைக் குறியீட்டில் (2016 = 100) உணவுக்கு 39.17, வீட்டுக்கு 16.87 என்று எடை, அதாவது செலவு நூறில் அவ்வளவு பங்கு. நம் உதாரண வீட்டில் வாடகை மட்டும் செலவில் 31 சதவீதம். ஆகவே வாடகை ஏறும் ஆண்டில் குறியீடு ஒன்று சொல்லும், உங்கள் பர்ஸ் வேறு சொல்லும். போதாக்குறைக்கு, அந்த வாடகைக் குறியீட்டை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும்தான் மாற்றுகிறார்கள்.

அதற்காகக் குறியீட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். நாலைந்து ஆண்டு நீளத்துக்குப் பார்க்க அது நல்ல அளவுகோல். அகில இந்தியக் குறியீடு 2021 ஜனவரியில் 118.2, 2025 ஜனவரியில் 143.2. 2021-ல் 15,000 வாங்கியவருக்கு 2025-ல் 15,000 × 143.2 ÷ 118.2 = 18,173 வந்தால்தான் அதே இடத்தில் நிற்கிறார். 17,500 என்றால் நாலு இன்கிரிமென்ட் வாங்கியும் சம்பளம் இறங்கியிருக்கிறது. நீங்கள் சேர்ந்த மாதக் குறியீட்டையும் இப்போதைய குறியீட்டையும் எடுத்து இதே மாதிரி போடுங்கள். சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் ஆகிய மையங்களுக்குத் தனிக் குறியீடே வருகிறது. கோவைக்காரர் கோவை எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ல் மாறும். பல இடங்களில் "ஏப்ரல் இன்கிரிமென்ட்" என்று கொடுப்பது இந்தப் பஞ்சப்படி உயர்வைத்தான். சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியதற்கு முதலாளி பெயர் வாங்கிக்கொள்கிறார். சம்பளச் சீட்டில் எந்த வரி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பஞ்சப்படி வரி மட்டும் ஏறியிருந்தால் அது விலைவாசிக்கான ஈடு, உங்கள் அனுபவத்துக்கோ உழைப்புக்கோ ஒரு ரூபாயும் ஏறவில்லை.

இனி இஎஸ்ஐ. உங்கள் விஷயத்தில் பெரிய அடி இதுதான். இஎஸ்ஐ உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் 21,000. நீங்கள் மாதம் 157 கட்ட, கம்பெனி 3.25 சதவீதம், சுமார் 680 கட்டியது. 837 ரூபாயில் அப்பா அம்மா உட்பட குடும்பத்துக்கே வைத்தியம், உடம்பு முடியாமல் விடுப்பு எடுத்தால் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பெண் ஊழியருக்கு 26 வாரப் பேறுகாலச் சம்பளம். 1,045 ரூபாய் ஏற்றிக் கொடுத்து இத்தனையையும் எடுத்துக்கொண்டது போலத்தான் ஆகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாம் என்றால் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. கீழ்ப்படியில் அந்தக் காப்பீடு, நடுப்படியில் இஎஸ்ஐ, மேல்படியில் கம்பெனி மெடிக்கல் பாலிசி. 21,000-க்கும் 30,000-க்கும் நடுவில் நிற்பவருக்குப் பல கம்பெனிகளில் எதுவுமே இல்லை. மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-ல் வைத்த வரம்பும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம்தான். மாதத்துக்கு 20,833. பழைய 20,900 சம்பளமே அந்தக் கோட்டை ஆண்டுக்கு 800 ரூபாயில் தாண்டிவிட்டது! இஎஸ்ஐ கோட்டையும் இந்தக் கோட்டையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் "இஎஸ்ஐ நின்றுவிட்டது" என்று எச்ஆர் சொன்னதை முழுசாக நம்ப வேண்டாம். நின்றது பிடித்தம். வைத்தியம் உடனே நிற்காது. ஏப்ரல்–செப்டம்பர் கட்டியதற்கு அடுத்த ஜனவரி–ஜூனில் பலன், அக்டோபர்–மார்ச் கட்டியதற்கு ஜூலை–டிசம்பரில் பலன். மார்ச் வரை உங்களுக்குப் பிடித்திருக்கிறார்கள், ஆகவே டிசம்பர் 31 வரை கார்டு செல்லும். விடுப்புச் சம்பளம் கேட்க அந்த அக்டோபர்–மார்ச்சில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். இஎஸ்ஐ தளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டால் எந்தத் தேதி வரை தகுதி என்று காட்டும். பிடித்தம் நின்ற மாதமே கார்டை மூட்டைகட்டி வைத்துவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் ஏராளம். உங்கள் உயர்வு ஏப்ரல் 1-ல் வந்ததால் உடனே நின்றது. ஜூலையில் வந்திருந்தால் செப்டம்பர் 30 வரை பிடித்திருப்பார்கள். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து 21,000 தாண்டியது என்று யாரையாவது வெளியே தள்ளினால் அது தவறு. வரம்பு பார்க்க அதைச் சேர்க்கக் கூடாது.

எச்ஆரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் "ஊதியம்" என்பதற்கு ஒரே வரையறை: வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம் போன்றவை சேராது; ஆனால் இப்படிக் கழிப்பது மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது திரும்ப ஊதியத்தில் சேரும். உங்கள் 21,945-ல் வாடகைப்படி 5,000, போக்குவரத்துப்படி 1,600 என்றால் மிச்சம் 15,345. அந்த வாசகப்படி நீங்கள் 21,000-க்கு உள்ளேதான் வருகிறீர்கள். "எந்த வரையறையின்படி என்னை இஎஸ்ஐயிலிருந்து நீக்கினீர்கள்?" என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேளுங்கள், இஎஸ்ஐ கிளை அலுவலகத்திலும் அதையே கேளுங்கள். வாய்மொழிப் பதில் எதற்கும் உதவாது.

போனஸிலும் இதே குழப்பம் நடக்கும். போனஸுக்கான 21,000 வரம்பு மொத்தச் சம்பளத்துக்கு அல்ல; பழைய போனஸ் சட்டப்படி அது அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகைக்கு. உங்களுக்கு அது 12,600-தான். மொத்தச் சம்பளத்தைப் பார்த்து "நீ தாண்டிட்டே" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். தொகையையும் சரி பாருங்கள்: 8.33 சதவீதத்தை 7,000 மீதோ, உங்கள் வேலைக்கான குறைந்தபட்ச ஊதியத்தின் மீதோ, எது அதிகமோ அதன் மீது போட வேண்டும். 7,000 மீதே போட்டு ஆண்டுக்கு ஏழாயிரத்தை நீட்டுவது பழைய வழக்கம்.

மாத்திரைக்கு இப்போதே ஏற்பாடு செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இலவசம். சம்பளச் சீட்டெல்லாம் கேட்பதில்லை. பழைய இஎஸ்ஐ சீட்டைக் கொண்டுபோய்ப் பதிந்துகொள்ளுங்கள். அங்கே கிடைக்காத மருந்துக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம். வாங்கும்போது கடைப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டு வாங்குங்கள். சாதாரண மெட்ஃபார்மின் 500-க்கும், மெதுவாகக் கரையும் வகைக்கும் பெயர் ஒன்றுபோல இருக்கும், மாற்றிச் சாப்பிடக் கூடாது.

மெடிக்கல் பாலிசியை டிசம்பர் வரை தள்ளிப்போடாமல் செப்டம்பர், அக்டோபரில் எடுப்பது நல்லது. விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு, ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை. இஎஸ்ஐ உள்ளபோதே இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கட்டும். அப்பாவின் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பின்னால் கிளெய்ம் நிராகரிப்பதற்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்ததாகும். அப்பாவை உங்கள் குடும்பப் பாலிசியில் சேர்க்காமல் தனியாக எடுங்கள். சேர்த்தால் எல்லோருக்குமான பிரீமியம் அவர் வயதை வைத்தே கணக்காகும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது, பழைய பிரீமியப் பட்டியலைக் காட்டினால் கவனம்.

செலவுப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் பார்க்கச் சொல்வேன்: கரன்ட் மீட்டர். 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35 வீதம் 235, மீதி 50-க்கு 4.70 வீதம் 235. மொத்தம் 470 ரூபாய். அதே 250 யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட் 8 ரூபாய் என்று வாங்கினால் 2,000. மாதத்துக்கு 765 ரூபாய் வித்தியாசம், உங்கள் இன்கிரிமென்டில் முக்கால் பங்கு. வீடு பார்க்கும்போது வாடகையைப் பேரம் பேசுகிற நாம் "தனி சர்வீஸா, சப் மீட்டரா" என்று கேட்பதில்லை. 500 ரூபாய் வாடகை குறைவான சப் மீட்டர் வீடு உண்மையில் விலை கூடிய வீடு. சொந்த மீட்டர் உள்ளவர்கள் 500 யூனிட்டைக் கவனிக்க வேண்டும்: 500-க்கு 1,805, 501-க்கு சுமார் 2,048. ஒரே யூனிட்டுக்கு 243 ரூபாய். ரீடிங் எடுப்பவர் பத்து நாள் தாமதித்து வந்தால் அந்தப் பத்து நாள் யூனிட்டும் இதே பில்லில் ஏறிவிடும். தேதியை அட்டையில் குறித்து வைத்து, 450 தாண்டினால் நாமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதான்.

கடைசியாகக் கடன். மாதம் 170 பள்ளத்தை யாரும் உடனே உணர்வதில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காய்ச்சல், ஒரு கல்யாண மொய் வரும்போது தண்டல் வாங்குகிறோம். பத்தாயிரம் என்று எழுதி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் தினமும் திருப்பிக் கொடுப்பதால் சராசரியாக உங்களிடம் இருந்த பணம் 4,250-தான். அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. ஆண்டுக்கு ஏறத்தாழ 129 சதவீதம். "ஃபிளாட் 12 சதவீதம்" என்று சொல்லும் கடனும் இதே வித்தைதான்: ஒரு லட்சத்துக்கு 24 மாதம் 5,167 கட்டினால், குறையும் அசலுக்கு அது சுமார் 21.5 சதவீதம். வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வைப்பது இவை இரண்டையும்விட மலிவு. வைக்கும்போது மூன்று கேளுங்கள்: மாத வட்டி கட்டாவிட்டால் வட்டி விகிதம் ஏறுமா, கெடு எந்தத் தேதி, பகுதி அசல் கட்டிப் பகுதி நகையை மீட்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு முடியாது என்பார்கள் பல இடத்தில். அதனால் ஒரே சீட்டில் எல்லா நகையையும் வைக்காமல், வளையல் ஒரு சீட்டு, செயின் ஒரு சீட்டு என்று பிரித்து வையுங்கள்.