பர்மா நிலம் முதல் ரவிக்கைத் தடை வரை: செட்டிநாட்டு வரலாறு, கேள்வி பதில்

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவி): சார், பர்மாவில் அத்தனை நிலம் வைத்திருந்த செட்டியார்கள் வெறுங்கையோடு திரும்பியது ஜப்பான்காரன் குண்டு போட்டதால்தானே?

பதில்: குண்டுக்குப் பத்து வருடம் முன்பே சிக்கல் தொடங்கிவிட்டதம்மா. 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தப் பர்மிய உழவனுக்குப் பணம் தேவை. வெள்ளைக்கார வங்கி அவனை ஏறெடுத்தும் பார்க்காது. நம்மவர்கள் நிலத்தை அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது வட்டிதான். நிலம் கைக்கு வந்தால் முதல் முடங்கிப்போகும்.

1930-ல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்தது 6 சதவீத நிலம். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, வட்டி நின்றது, அடமானங்கள் மூழ்கின. 1938-ல் அது 25 சதவீதம். உழவன் கண்ணுக்கு இவர்கள் வயலைப் பிடுங்கியவர்கள். அந்தக் கசப்பை மறைத்துவிட்டு நம் இழப்பை மட்டும் பேசுவது நியாயமில்லை.

1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. அரக்கான் வழியாகவும் தமு, இம்பால் வழியாகவும் நடந்து வந்த இந்தியர்களில் ஏராளமானோர் பாதையிலேயே மாண்டார்கள். 1948-ல் பர்மிய அரசு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் பத்திரம்தான் மிச்சம்.

கேள்வி (ராயவரம்): செட்டிநாடு ஏன் இரண்டு மாவட்டமாகக் கிடக்கிறது?

பதில்: உங்கள் ஊரும் கோனாபட்டும் புதுக்கோட்டை மன்னர் சீமை. காரைக்குடிப் பக்கம் சிவகங்கை ஜமீன். 1948 மார்ச்சில் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்தது. பழைய எல்லை மட்டும் மாவட்ட எல்லையாக நிலைத்துவிட்டது.

கேள்வி (தேவகோட்டை): திருவாடானைச் சிறையை உடைத்தது நிஜமா அண்ணே?

பதில்: நிஜம்தான் தம்பி. 1942 ஆகஸ்ட், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்ட நேரம். உள்ளே இருந்த விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையைக் கூட்டம் பட்டப்பகலில் சிறையை உடைத்து மீட்டது. தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

கேள்வி (கானாடுகாத்தான், இல்லத்தரசி): ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனபின், ஆச்சிமார் (செட்டியார் வீட்டுப் பெண்கள்) கையில் காசு இருந்ததா?

பதில்: இருந்தது. கணவர் மூன்று வருடத் தவணையில் கடல் தாண்டிப் போவார்; ஆச்சி பெரும்பாலும் இங்கேயே இருப்பார். மணமானதும் மகனை ‘வேறு வைப்பது’ வழக்கம். ஒரே வளவுக்குள் (பெரிய குடும்ப வீட்டுக்குள்) தனி அடுப்பு, தனிக் கணக்கு. பெண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணம் அவள் பெயரில் வட்டிக்கு நின்று வளரும். கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே உலை என்று நினைப்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி (தேவகோட்டை அருகே, ஆசிரியர்): ரவிக்கை போட்டதற்கு அடி வாங்கியதாக என் பாட்டி சொல்வார். அந்தக் காலம் எது ஐயா?

பதில்: 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை கூடாது, சட்டை கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, குடை, செருப்பு கூடாது, பெண்கள் மாரை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாடு மேய்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

உங்கள் பாட்டி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பங்களாக்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இதற்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.