எல்லாவற்றிலும் லோகோ பெரிதாக வேண்டுமா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். கம்பெனியின் 25-ம் ஆண்டு விழாவுக்கு ஊழியர்களும் குடும்பத்தினருமாக 400 பேர் வருகிறார்கள். விளையாட்டுகள், பேனர், டி-ஷர்ட் எல்லாம் என் பொறுப்பு. டேப்லெட்டில் ஒரு குவிஸ், சுற்றும் சக்கரம் ஒன்று, எல்லாவற்றிலும் பெரிதாக லோகோ என்கிறார் மேனேஜர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்? – வாசகி, கோவை

பதில்: உங்கள் மனசு சொல்வது சரிதான். ஆனால் மேனேஜரிடம் மனசைச் சொல்லாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். ஒரு டேப்லெட்டில் ஒருவர் விளையாட 5 நிமிடம் என்றால், 3 மணி நேரத்தில் 36 பேர்தான் விளையாட முடியும். மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள், அல்லது சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். சக்கரம் வேகமாக நகரும், உண்மைதான். ஆனால் ஒருமுறை சுற்றிவிட்டுச் சாவிக்கொத்து வாங்கிப் போவதில் விளையாட என்ன இருக்கிறது?

இது குடும்ப விழா. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷனில் அம்மா நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியாது. அதைக் காட்டுகிற விளையாட்டைச் செய்யுங்கள். நான் சொல்வது தரையில் விரிக்கிற பரமபதம். 100 கட்டம் வேண்டாம், முடிய நேரமாகும். வரிசைக்கு 6 வீதம் 36 கட்டம், ஒரு கட்டம் ஒன்றரை அடி, மொத்தம் 9 அடிக்கு 9 அடி. அணிக்குப் பத்துப் பேர், இரண்டு அணி. குழந்தைகள்தான் காய்கள், பெரியவர்கள் மாறி மாறிப் பகடை உருட்டுவார்கள். ஆட்டத்துக்கு 15 நிமிடம் வைத்தாலும் 3 மணி நேரத்தில் 240 பேர் ஆடிவிடலாம்.

பாம்பும் ஏணியும் உங்கள் தொழிலிலிருந்தே வரட்டும். ‘தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டிவிட்டாய், சீல் கருகிவிட்டது’ என்றால் சறுக்கு. ‘ஃபுட்வால்வில் குப்பை அடைத்துக்கொண்டது’ (உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கும் வால்வு அது) என்றால் இன்னொரு சறுக்கு. ‘பிரைமிங் சரியாகச் செய்தாய்’, அதாவது ஓட்டும் முன் பம்பில் தண்ணீர் நிரப்பினாய் என்றால் ஏறு. இந்த வாசகங்களை நீங்களே எழுதாமல் அசெம்பிளியிலும் சர்வீஸிலும் இருப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். அவர்கள் சொல்கிற சம்பவங்கள்தான் விழாவன்று சிரிப்பைக் கொண்டுவரும். லோகோவைக் கடைசிக் கட்டத்தில் பெரிதாகப் போடுங்கள். ஜெயித்தவர்கள் அதில் நின்றுதான் போட்டோ எடுப்பார்கள், மேனேஜருக்கும் திருப்தி.

தரைக்கு ஃபிளெக்ஸ் போட்டுவிடாதீர்கள். வழுக்கும், ஓரம் சுருண்டு கால் தட்டும். மேட் லேமினேஷன் செய்த தரை வினைல் கேளுங்கள். மேடைப் பேனருக்குத் துணியே நல்லது. 100 மைக்ரானுக்குக் குறைவான தடிமனுள்ள பிவிசி பிளாஸ்டிக் பேனருக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. ‘25’ என்ற எண்ணைத் தனியாக வெட்டி ஒட்டினால் அடுத்த ஆண்டும் அதே துணி உதவும்.

டி-ஷர்ட் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். நெஞ்சு நிறைய லோகோ அடித்தால் விழாவோடு அது வண்டி துடைக்கப் போய்விடும். இடது மார்பில் சின்னதாக, ஒரே நிறத்தில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் உடுத்துவார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் என்பதால் ஒரு நிறம் செலவையும் குறைக்கும். திருப்பூர் பக்கத்தில்தானே, நேரில் போய் ஒரு சாம்பிள் துவைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். குழந்தைகளின் அளவை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் ஃபைல். வாட்ஸ்அப்பில் வந்த லோகோவைப் பெரிதாக்கினால் பிசிறடிக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத வெக்டார் ஃபைலைத் தேடிப் பிடியுங்கள். திரையில் பளிச்சென்று இருக்கிற நீலம் காகிதத்தில் மங்கும், அதனால் அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் மாற்றிப் பாருங்கள். தமிழ் எழுத்துகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பிரஸ்ஸில் உங்கள் ஃபான்ட் இல்லையென்றால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் என்று பிரிந்துவிடும். ‘கோவை’ என்ற சொல்லே உடைந்து நிற்கும். எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிய பிறகு அனுப்புங்கள், அச்சடிக்கும் முன் புரூஃபைத் தமிழ் நன்றாகப் படிக்கிற ஒருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, மதிய உணவு இடைவேளையில், வெறும் சாக்பீஸால் கட்டம் போட்டு கேண்டீனுக்கு வருகிற ஊழியர்களை விளையாட வையுங்கள். எந்தக் கட்டத்தில் ஆட்டம் தேங்குகிறது, எந்த வாசகம் புரியவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் வினைலுக்கு ஆர்டர் கொடுங்கள்.