பதில்: பையனோட குவெக்ஸ் பார்க் போகலாமா?

கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல சலிச்சுக்கிற பத்து வயசுப் பையன்னு சொன்னீங்க. தயங்காம கூட்டிட்டுப் போங்க சார். இந்த அருங்காட்சியகம் இங்கிலாந்தோட கென்ட்ல பர்ச்சிங்டன் பக்கம் இருக்கு, லண்டன்லேர்ந்து ரயில் உண்டு.

பவல்-காட்டன்ங்கிற ஊர்சுற்றி வேட்டைக்காரர் 1896-ல தன் வீட்டையொட்டித் தொடங்கின காட்சியகம். ஆள் உயரத்தைத் தாண்டுற கண்ணாடிக்குப் பின்னால யானை, ஒட்டகச்சிவிங்கின்னு ஒரு காடே நிக்கும். எல்லாம் பாடம் பண்ணின உடல்கள், அதை முன்கூட்டியே பையன்கிட்ட சொல்லிடுங்க.

1906-ல அவரைப் பாய்ஞ்சு கிழிச்ச சிங்கத்தைத் தேடிப் பிடிங்க. கிழிஞ்ச கோட்டும் இருக்கு. பையில சுருட்டி வெச்சிருந்த ‘பஞ்ச்’ பத்திரிகைதான் நகத்தைத் தடுத்துச்சாம்! எனக்கு வேட்டை பிடிக்காது, ஆனா அந்தக் கோட்டை விட்டு நகர முடியலை.

பவல்-காட்டனோட வீட்டுக்குள்ள போற நேரம் தனி, பாத்துட்டுக் கிளம்புங்க.