கவலையில் சாப்பிடும் பழக்கத்தை விட்டு, ஜிம்முக்குப் போகாமல் எடையைக் குறைத்தவர்கள் உண்டா? எப்படிக் குறைத்தீர்கள்?

கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் கை தானாகத் தின்பண்டத்தைத் தேடிப் போகிறது என்றும், ஜிம்முக்குக் கட்டப் பணமோ போக நேரமோ இல்லை என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் எனக்கும் அப்படியே பொருந்தியவை. எனக்கு வயது 44. மதுரையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக வேலை பார்க்கிறேன். 2023 ஜனவரியில், 158 செ.மீ. உயரத்துக்கு என் எடை 82 கிலோவாக இருந்தது. முழங்கால் வலிக்காகப் போன இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பதால், மருத்துவர் மாத்திரை எழுதாமல் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

குறைக்க முயலாமல் இருந்தவள் அல்ல நான். கொள்ளுக் கஞ்சி, வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், இரவு உணவை அடியோடு நிறுத்துவது என எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையில் மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்து, ஐந்து மாதத்தில் 7 கிலோ ஏறியது. இவை எல்லாமே நான் என்ன சாப்பிடுகிறேன் என்பதைப் பற்றியவை. எப்போது, எதற்காகச் சாப்பிடுகிறேன் என்பதை அதுவரை நானும் யோசித்ததில்லை.

அதைக் கண்டுபிடிக்க உதவியவை தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொரு நாளும் அன்றைய தாளின் பின்பக்கத்தில், வேளை உணவைத் தவிர வேறு எதைத் தின்றேன், மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதி வைத்தேன். ஒரு மாதத்துத் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பத்தொன்பது தாள்களில் ஒன்பதரை மணிக்கும் பத்தரை மணிக்கும் இடையில் காராச்சேவு இருந்தது. என் கணவருக்குச் சாத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தாலும் காராச்சேவு தீராது. அடுப்படியை ஒழித்து, விளக்கை அணைப்பதற்கு முன் நின்றுகொண்டே டப்பாவுக்குள் கைவிட்டு, சுவைகூடத் தெரியாமல் தின்றிருக்கிறேன். அது பசியாக இருந்திருந்தால், அந்த நேரத்தில் மீதமிருந்த இரண்டு இட்லியும் எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். இட்லியைத் தொட ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்பதும் பிறகு விளங்கியது. பக்கவாதத்தில் படுத்த என் அப்பாவை இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அவர் உறங்கும் நேரம் ஒன்பதரை. அதற்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கும், அந்த ஒரு மணி நேரத்தில் அழுவதற்குப் பதிலாகத் தின்றேன். 2021-இல் அப்பா போய்விட்டார்; ஒன்பதரை மணி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அலுவலகத்தில் வாங்கிய ஏச்சும், மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் பதற்றமும் அந்த நேரத்தில் வந்து சேர்ந்துகொண்டன.

ஆகவே நான் தின்பண்டத்தை விடப் பாடுபடவில்லை. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் இல்லாமல் இருப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் வீடு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அருகில் இருக்கிறது. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளம் எனக்கு நல்ல அளவுகோலாகப் பயன்பட்டது: ஒவ்வொரு கரையும் சுமார் 300 மீட்டர், ஆக ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு, எதிர்வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கரையைச் சுற்றிப் பஜ்ஜிக் கடையும் பருத்திப்பால் வண்டியும் இருக்கும் என்பதால் பர்ஸையும் கைபேசியையும் வீட்டிலேயே வைத்துவிடுவேன். முதல் வாரம் இரண்டு சுற்றுக்கே நாற்பது நிமிடம் ஆனது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மேற்குக் கரையில் நடந்துகொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அக்கா எதுவும் கேட்காமல் உடன் நடந்தார், திரும்பும்போதுதான், "அப்பாவுக்காடி?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அன்றிரவு டப்பாவின் நினைவே வரவில்லை.

நடையின் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பலர் அங்கேதான் ஏமாந்து விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் நான்கு சுற்றுக்கு வந்தேன். 80 கிலோ எடையுள்ள ஒருவர் அவ்வளவு தூரம் நடந்தால் சுமார் 300 கலோரி செலவாகும், ஆனால் 100 கிராம் காராச்சேவில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. தின்றுவிட்டு நடந்தால் நட்டம்தான். எனக்கு எடை குறைந்ததில் நடந்து எரித்ததைவிட, நடந்துகொண்டிருந்ததால் தின்னாமல் போனதற்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம். முதல் ஆறு வாரத்தில் ஒரு கிலோதான் இறங்கியது. பதினான்கு மாதத்தில் 82 கிலோ 69 ஆனது, ஹெச்பிஏ1சி 5.6-க்கு வந்தது. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ இன்னும் 27-க்கு மேல். நம் நாட்டவருக்கு 25-ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று வைத்திருக்கிறார்கள், எனவே நான் ஒல்லியாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மற்றபடி இரண்டு நிறுத்தம் முன்பே டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவதும், அலுவலக மூன்றாம் மாடிக்குப் படியேறுவதும், முழங்காலுக்காக இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் மெல்ல மெல்லச் சேர்ந்தன.

வழுக்கி விழுந்ததும் உண்டு. அப்பாவின் திதியன்று எல்லோரும் போன பிறகு, அரைக் கிலோ பொட்டலத்தில் பாதியைத் தீர்த்தேன். முன்பாக இருந்தால் மறுநாள் பட்டினி கிடந்து, அதற்கு மறுநாள் இருமடங்காகத் தின்றிருப்பேன். இம்முறை காலையில் வழக்கமான மூன்று இட்லியைச் சாப்பிட்டேன்; இரவில் வழக்கமான நான்கு சுற்றுதான் நடந்தேன், ஆறு நடக்கவில்லை. தின்றதற்குத் தண்டனையாக நடக்க ஆரம்பித்தால், காராச்சேவு மீது இருந்த கோபம் தெப்பக்குளத்தின் மீதும் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். குறுகிய நேரத்தில் நிறுத்தவே முடியாமல் ஏராளமாகத் தின்பது அடிக்கடி நடந்தாலோ, தின்றதை வாந்தியெடுத்து வெளியேற்றத் தோன்றினாலோ, என் காலண்டர் தாள் வைத்தியம் உங்களுக்குப் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஐப்பசி மழை. போன ஐப்பசியில் பன்னிரண்டு நாள் வெளியே போக முடியாமல் ஒன்றரைக் கிலோ ஏறியது. இந்த ஆண்டு ஒன்பதரை மணிக்கு அக்கா வீட்டு மாடிப்படியில் இருவரும் ஏறி இறங்குவதாகப் பேசிவைத்திருக்கிறோம். அவர் வீட்டுக்காரர் தூக்கம் கெடுகிறது என்று இப்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்.