மூட்டுவலி உள்ள அம்மாவுடன் பெம்ப்ரோக்‌ஷயரில் எங்கெங்கே போகலாம்?

மூட்டுவலி உள்ள அம்மாவையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, ஜூன் மாதத்தில் மூன்று நாள் வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரைக்குப் போவதாகவும், எதையெதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரிஸ்டலிலிருந்து ஏறக்குறைய இதே மாதிரியான குடும்பத்தோடு மும்முறை போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே படிகளையும் காற்றையும் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். 1952-இல் தேசியப் பூங்காவான இந்தக் கரையில், 186 மைல் நீளமுள்ள நடைபாதையின் பெரும்பகுதி செங்குத்துப் பாறைகளின் விளிம்பில்தான் செல்கிறது. அழகான இடங்கள் பலவும் அதற்குக் கீழே கிடக்கின்றன.

உங்கள் மகளுக்காக ஒரு நாளை ஸ்கோமர் தீவுக்கு ஒதுக்குங்கள். மார்ட்டின்ஸ் ஹேவனிலிருந்து படகில் கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் இறங்கியதும் 87 படிகள் ஏற வேண்டும், தீவில் உணவகமும் கிடையாது. வடக்கிலிருந்து காற்று பலமாக அடித்தால் படகு விடமாட்டார்கள். முதல் முறை நாங்கள் அப்படித்தான் கட்டுச்சோற்றைக் கரையிலேயே தின்றுவிட்டுத் திரும்பினோம். அடுத்த ஆண்டு, அலகு நிறையச் சின்னஞ்சிறு மீன்களைக் கவ்விய பஃபின் என்ற கடற்பறவை ஒன்று என் காலணிக்கு இரண்டடி தள்ளி, கூட்டத்துக்கு நடுவே வழி கேட்பதுபோல் ஒரு கணம் நின்று, பிறகு குடுகுடுவென்று பாதையைக் கடந்து வளைக்குள் மறைந்தது. ஜூலை இறுதிக்குள் அவை கடலுக்குப் போய்விடும் என்பதால் ஜூன் மிகப் பொருத்தமான மாதம். பாதையை விட்டுப் புல்லில் கால் வைக்க வேண்டாம். அடியில் முழுக்க வளைகள்தான்.

கடலோரப் பாறை இடுக்கில் செருகி வைத்தாற்போல் இருக்கும் செயின்ட் கோவன் சிற்றாலயத்துக்கு இறங்கும் கற்படிகளை, இறங்கும்போதும் ஏறும்போதும் எண்ணினால் ஒரே கணக்கு வராது என்பது அவ்வூர் நம்பிக்கை. என் கணக்கும் மகள் கணக்கும் இரண்டு படி வித்தியாசப்பட்டன. இன்றுவரை வழக்கு தீரவில்லை. அப்பகுதி ராணுவத்தின் துப்பாக்கிச் சுடுதளத்தை ஒட்டியது. பயிற்சி நாள்களில் சாலையையே அடைத்துவிடுவார்கள் என்பதால், கால அட்டவணையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அம்மா வரத் தேவையில்லை; அருகிலுள்ள பாஷர்ஸ்டன் குளங்களில் ஜூனில் அல்லி பூத்திருக்கும், அங்கே அவர் நிதானமாக உட்கார்ந்திருக்கலாம்.

செயின்ட் டேவிட்ஸ் பேராலயம் பள்ளத்தில் இருப்பதால் அங்கும் 39 படிகள் உண்டு. டென்பியின் கோட்டைச் சுவரும் துறைமுகமும் ஒரு மாலைக்குப் போதும். துறவிகள் வாழும் கால்டி தீவுக்கு ஞாயிற்றுக்கிழமை படகில்லை.

என் அம்மாவுக்குப் பிடித்தது கேரு கோட்டை. அதன் குளத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மைல் சமதளப் பாதை உண்டு. ஏற்றத்தில் வரும் கடல்நீரை அணைகட்டித் தேக்கி, வற்றத்தின்போது திறந்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிய பழைய மாவாலை ஒன்றும் அங்கே நிற்கிறது. ஆட்டுக்கல்லோடு ஆயுளைக் கழித்த அவர் அதன் முன் அரை மணி நேரம் நின்றார். மூட்டுவலி அன்று பேச்சிலேயே வரவில்லை.